எடுத்தலும் எண்ணுதலும்

தமிழகத்து நகரங்களில் இன்றுள்ள பூங்காக்களுள் மிகப் பல, அரசர்களோ ஆங்கிலேய ஆட்சியாளர்களோ விட்டுச்சென்ற பெருந்தோட்டங்கள் அல்ல. மனைப்பிரிவு விதிகளின் வழியாகப் பொதுமக்களுக்குக் கிடைத்த சிறு நிலத்துண்டுகளே அவை. 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தை மனைகளாகப் பிரிப்பவர், சாலைகள் போக எஞ்சும் பரப்பில் 10 விழுக்காட்டைத் ‘திறந்தவெளி ஒதுக்கீடு’ என்ற பெயரில் உள்ளாட்சி அமைப்புக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட வேண்டும் என்பது விதியாதலால், புறநகர் வளர வளர இத்தகைய துண்டுகளும் பெருகி, சுற்றுச்சுவரும் நடைபாதையும் ஊஞ்சலும் சிமென்ட் பெஞ்சும் பெற்றுப் பூங்காக்களாயின. காலையில் நடைப்பயிற்சிக்கு வருவோரும், மாலையில் குழந்தைகளும், நண்பகலில் வேறு போக்கிடமற்ற முதியவர்களும் இவற்றை நாடுகின்றனர். எதையும் வாங்காமல், எவருக்கும் காசு கொடுக்காமல், ஒருவர் நெடுநேரம் உட்கார்ந்திருக்கக்கூடிய இடம், கோயிலை விட்டால், நகரத்தில் பெரும்பாலும் பூங்கா ஒன்றே. அங்கே சேரும் குப்பையை அப்பகுதி மக்கள் தாமாக முன்வந்து அகற்றுவது ஒரு சிறு நற்செயலாக மட்டுமே பொதுவாகப் பேசப்படுகிறது. ஆனால் எதை எடுப்பது, எதை விட்டுவிடுவது, எடுத்ததை எங்கே சேர்ப்பது, எவ்வாறு கணக்கிடுவது என்பனவற்றைப் பற்றிக் கடந்த நாற்பது ஆண்டுகளில் உலகின் பல பகுதிகளில் திரண்டுள்ள அறிவு, அச்செயலை அதைவிடப் பெரிய ஒன்றாக்கியிருக்கிறது.

‘குப்பை’ என்ற சொல்லுக்குப் பழந்தமிழில் குவியல் என்பதே பொருள். நெல் குவிந்து கிடந்தாலும் உப்பு குவிந்து கிடந்தாலும் அது குப்பைதான். உழவர் வழக்கிலோ, சாணமும் சருகும் அடுப்புச் சாம்பலும் கலந்து மக்கிய எருவே குப்பை. கோடையில் வண்டி கட்டி வயலுக்குக் குப்பை அடிப்பது உழவுக்கு முந்திய வேலைகளுள் ஒன்றாக இருந்தது. மண்ணிலிருந்து வந்து மண்ணுக்கே திரும்பும் பொருளைக் குறித்துவந்த அந்தச் சொல், ஞெகிழி பெருகிய கடந்த சில பத்தாண்டுகளில், மண் ஏற்க மறுக்கும் பொருளுக்கும் சேர்த்தே பெயராகிவிட்டது. இக்குழப்பத்தால் பூங்காக்களுக்கு நேரும் கேடு சிறிதன்று: ஆர்வத்தோடு வருகிற குழுவினர் வேம்பின் அடியிலும் புங்கனின் அடியிலும் கிடக்கும் சருகை முதலில் கூட்டிக் குவிக்கின்றனர், சில இடங்களில் அதைக் கொளுத்தியும் விடுகின்றனர். சருகு குப்பையன்று, வெயிலில் மண்ணின் ஈரத்தைக் காத்து, மண்புழுவுக்கும் மரவட்டைக்கும் உணவாகி, அடுத்த ஆண்டுக்கான உரமாக மாறுவது அது. நடைபாதையில் விழுந்ததை மரத்தடிக்குத் தள்ளிவிடுவதே போதுமானது. பொது இடத்தில் கையிலிருந்து நழுவவிடப்பட்டோ வீசப்பட்டோ சிதறிக் கிடக்கும் கழிவே தன்னார்வலரின் வேலைக்கு உரியது. அதனைச் ‘சிதறுகுப்பை’ என்று தனியே பெயரிட்டு அழைப்பது தெளிவுக்கு உதவும். வீட்டிலிருந்தோ கட்டட வேலையிலிருந்தோ மூட்டையாகக் கொண்டுவந்து கொட்டப்படுவது இதனின்றும் வேறானது; அதற்குக் காரணமும் வேறு, தீர்வும் வேறு.

சிதறுகுப்பையின் உள்ளடக்கம் ஊருக்கு ஊர் மாறினாலும், தமிழகத்துப் பூங்கா ஒன்றில் குனிந்து பார்ப்பவருக்குக் கிடைப்பவை பெரும்பாலும் ஒரே வகையினவாக உள்ளன: பிஸ்கட், சிப்ஸ் உறைகள், தண்ணீர் பாட்டில்களும் அவற்றின் மூடிகளும், தேநீர் குடித்துக் கசக்கிய காகிதக் குவளைகள், ஷாம்பு, ஊறுகாய், பாக்குப் பொட்டலங்கள், வேர்க்கடலைத் தோல், உடைந்த மதுபாட்டில். இவற்றுள் காகிதக் குவளை பலரையும் ஏமாற்றும் பொருள். காகிதம்தானே, மக்கிவிடும் என்று கருதப்படுகிறது, ஆனால் நீர் ஊறாமல் இருப்பதற்காக அதன் உட்புறத்தில் மெல்லிய ஞெகிழிப் படலம் ஒட்டப்பட்டிருப்பதால் அது முழுமையாக மக்குவதும் இல்லை, பழைய காகிதமாக விலைபோவதும் இல்லை. 2019 ஜனவரி 1 முதல் தமிழக அரசு தடை செய்த ஞெகிழிப் பொருள்களின் பட்டியலில் இக்குவளையும் இருக்கிறது என்பது, நாள்தோறும் அதில் தேநீர் குடிப்போர் பலருக்குத் தெரியாத செய்தி. அளவில் மிகச் சிறியதும் அகற்றுவதற்கு மிகக் கடினமானதும், பால் பாக்கெட்டைக் கத்தரிக்கும்போது தனியே விழும் முக்கோண மூலையாகும். பாக்கெட்டைப் பழைய பொருள் கடைக்காரர் எடுத்துக்கொள்வார், அந்த மூலையை எடுத்துக்கொள்வார் எவருமில்லை. முழுதும் வெட்டித் தனியாக்காமல் மூலையைப் பாக்கெட்டோடு ஒட்டியே விட்டுவைக்கும் பழக்கம், வீட்டில் எவ்விதச் செலவுமின்றிச் செய்யத்தக்க ஒன்று.

புகைத்துப் போட்ட துண்டுகளைப் பற்றித் தனியே சொல்ல வேண்டியிருக்கிறது. பீடி, தெண்டு மரத்தின் இலையில் சுற்றப்படுவது, வடிகட்டி இல்லாதது, அதன் மிச்சம் மழையில் நனைந்து மக்கிவிடும். சிகரெட்டின் முனையிலுள்ள வெண்ணிறப் பஞ்சு போன்ற பகுதியோ பஞ்சன்று. மரக்கூழிலிருந்து பெறப்படும் செல்லுலோஸை வேதிமாற்றம் செய்து உருவாக்கும் ‘செல்லுலோஸ் அசிடேட்’ என்ற ஞெகிழியின் ஆயிரக்கணக்கான நுண்ணிழைகளைச் சேர்த்துக் கட்டியது. அது பல ஆண்டுகள் சிதையாமல் கிடப்பதோடு, புகையிலிருந்து வடிகட்டிய நிகோடினையும் பிற நச்சுகளையும் நீரில் கசியவிடுகிறது. புகைத்த துண்டு ஒன்று ஊறிய ஒரு லிட்டர் நீர், அதில் விடப்பட்ட சிறு மீன்களில் ஏறக்குறைய பாதியைக் கொன்றுவிடும் என்பதை அமெரிக்க ஆய்வாளர்கள் 2011-இல் சோதனையில் கண்டனர். பெரிய பாட்டிலை எல்லோரும் ஓடிப்போய் எடுக்கின்றனர். விரல்நுனி அளவுள்ள இத்துண்டைக் குனிந்து எடுப்பவர் குறைவு. தூய்மைப் பணியின் தரத்தை அளக்க விரும்புவோர், எல்லாம் முடிந்த பிறகு பெஞ்சுகளின் கால்களுக்கிடையே பார்த்தால் போதும்.

பூங்காவின் மூலையில் நிற்கும் அரசமரத்தடியில், வீட்டில் வைத்துக்கொள்ளவும் மனமின்றி எறியவும் துணிவின்றிக் கொண்டுவந்து சாய்த்துவைக்கப்பட்ட பழைய சாமிப் படங்கள் இருக்கும். இவை அலட்சியத்தால் வந்து சேர்ந்தவை அல்ல, பக்தியால் வந்தவை. ஆயினும் சட்டத்தின் கண்ணாடி உடைந்து, மண்ணில் புதைந்து, வெறுங்காலுடன் விளையாடும் குழந்தையின் பாதத்தைக் கிழிக்கின்றது. இவற்றை மற்ற குப்பையோடு ஒரே சாக்கில் போடுவது அப்பகுதியினரின் மனத்தைப் புண்படுத்தும் என்பதால், பட்டறிவுடைய குழுக்கள் படத்தையும் கண்ணாடியையும் மரச்சட்டத்தையும் பொறுமையாகத் தனித்தனியே பிரித்தெடுக்கின்றன.

மக்கள் ஏன் குப்பையைக் கீழே போடுகின்றனர் என்ற கேள்விக்கு, படிப்பின்மை, பொறுப்பின்மை என்ற விடைகளே வழக்கமாகக் கூறப்படுகின்றன. உளவியலாளர்கள் கண்டறிந்ததோ, ஒரே மனிதர் ஓரிடத்தில் போடுவதும் மற்றோரிடத்தில் போடாமல் இருப்பதும் அந்தந்த இடத்தின் நிலையைப் பெரிதும் பொறுத்தவை என்பதாகும். ராபர்ட் சியால்டினியும் அவருடைய உடன் ஆய்வாளர்களும் 1990-இல் வெளியிட்ட ஆய்வில், வாகனம் நிறுத்துமிடத்தில் கார்களின் கண்ணாடியில் துண்டறிக்கைகளைச் செருகிவைத்து, வண்டியை எடுக்க வருவோர் அவற்றை என்ன செய்கின்றனர் என்று கவனித்தனர். தரை சுத்தமாக இருந்தபோது 14 விழுக்காட்டினர் கீழே போட்டனர். முன்பே குப்பை சிதறிக் கிடந்தபோது 32 விழுக்காட்டினர் போட்டனர். இன்னும் குறிப்பிடத்தக்கது, ஆய்வாளரின் ஏற்பாட்டின்படி ஒருவர் அவர்கள் கண்ணெதிரே காகிதத்தைக் கீழே போட்டுவிட்டுச் சென்றபோது நிகழ்ந்தது: குப்பை நிறைந்த இடத்தில் விகிதம் 54 ஆக ஏறியது, சுத்தமான இடத்திலோ 6 ஆக இறங்கியது. தூய தரையில் விழும் ஒற்றைக் காகிதம், ‘இங்கே போடக்கூடாது’ என்ற எண்ணத்தையே பார்ப்பவர் மனத்தில் கிளர்த்துகிறது என்று இதற்கு விளக்கம் தரப்பட்டது. 2008-இல் நெதர்லாந்தின் குரோனிங்கன் நகரில் கீஸ் கெய்சர் குழுவினர், சைக்கிள் நிறுத்தும் சந்து ஒன்றின் சுவர் சுத்தமாக இருந்தபோது 33 விழுக்காட்டினரும், அதே சுவரில் கண்டபடி கிறுக்கியிருந்தபோது 69 விழுக்காட்டினரும் கைப்பிடியில் மாட்டியிருந்த தாளைத் தரையில் எறிந்ததைப் பதிவு செய்தனர். இவ்விரண்டும் பூங்காவுக்குச் சொல்லும் செய்தி ஒன்று: ஆண்டுக்கொருமுறை ஆயிரம் பேர் கூடி நடத்தும் விழாவைவிட, வாரந்தோறும் பத்துப் பேர் அதே இடத்திற்குத் திரும்பி வருவது வலிமையானது. தரை தூய்மையாக இருக்கும் நாள்கள் எத்தனை என்பதே புதிதாக விழும் குப்பையின் அளவைத் தீர்மானிப்பதால், ஒரே நாளில் எத்தனை டன் அள்ளப்பட்டது என்ற எண்ணுக்கு அத்துணைப் பொருளில்லை.

தன்னார்வத் தூய்மைப் பணியை ஓர் அறிவுத்துறையாக மாற்றிய நிகழ்ச்சி அமெரிக்காவின் டெக்சாஸ் கடற்கரையில் 1986 செப்டம்பரில் நடந்தது. இன்று ‘ஓஷன் கன்சர்வன்சி’ என்று அழைக்கப்படும் அமைப்பில் பணியாற்றிய லிண்டா மரனிஸ், தலைநகர் வாஷிங்டனிலிருந்து டெக்சாஸுக்குக் குடிபெயர்ந்தபோது, அங்குள்ள கடற்கரையில் மலிந்து கிடந்த கழிவைக் கண்டு மனம் பொறாமல், சக பணியாளர் கேத்தி ஓஹாராவுடன் சேர்ந்து மக்களைத் திரட்டினார். சுமார் 2,800 பேர், மூன்று மணி நேரத்தில், 122 மைல் நீளக் கரையிலிருந்து 124 டன் கழிவை அகற்றினர். அந்நாளின் சிறப்பு இந்த எடையில் இல்லை. ஒவ்வொருவர் கையிலும் ஓர் அட்டை கொடுக்கப்பட்டு, எடுக்கும் ஒவ்வொரு பொருளும் என்ன வகை, எத்தனை என்று அதில் குறிக்கச் செய்யப்பட்டது. கடலிலிருந்து வந்தது எது, கரையில் போடப்பட்டது எது என்பதை அந்த அட்டைகளே பின்னர் காட்டிக்கொடுத்தன. கப்பல்கள் ஞெகிழிக் கழிவைக் கடலில் கொட்டக்கூடாது என்ற பன்னாட்டு ஒப்பந்தப் பகுதி 1988 டிசம்பர் 31 அன்று நடைமுறைக்கு வந்த காலத்தில், கரையில் எண்ணப்பட்ட கணக்குகள் அத்தடையின் தேவைக்குச் சான்றாக நின்றன. பன்னாட்டுக் கடலோரத் தூய்மைப் பணி என்ற பெயரில் ஆண்டுதோறும் தொடரும் இம்முயற்சியின் பட்டியலில் சிகரெட் துண்டுகளே பல்லாண்டு முதலிடம் வகித்துவந்தன. 2019-ஆம் ஆண்டுக் கணக்கில் தின்பண்ட உறைகள் முதன்முறையாக அவற்றை முந்தின. மனிதர் உண்ணும் முறை மாறிவருவதைக் குப்பையை எண்ணியவர்களின் அட்டைகள் இவ்வாறு பதிவு செய்திருக்கின்றன.

ஆஸ்திரேலியாவின் இயன் கீர்னன், 1986–87-இல் பாய்மரப் படகில் தனியே உலகைச் சுற்றிவந்த பந்தயத்தின்போது, நெடுநாள் காணக் கனவு கண்டிருந்த சார்காசோக் கடலில் ஞெகிழிக் கழிவுகள் மிதப்பதைக் கண்டு திகைத்தார். ஊர் திரும்பியதும் சொந்த ஊரான சிட்னியின் துறைமுகத்திலிருந்து வேலையைத் தொடங்கினார். 1989 ஜனவரி 8 அன்று 40,000 பேர் கூடி ஏறத்தாழ 5,000 டன் கழிவை அகற்றினர். மறு ஆண்டே அது நாடு தழுவிய நிகழ்வாயிற்று. எஸ்தோனியாவின் கதை வேறு வகையானது. ஏறத்தாழ 13 லட்சம் மக்களைக் கொண்ட அந்நாட்டில் 2008 மே 3 அன்று 50,000 பேர் ஐந்து மணி நேரத்தில் 10,000 டன் கழிவைக் காடுகளிலிருந்தும் சாலையோரங்களிலிருந்தும் அகற்றினர். அந்த ஐந்து மணி நேரத்திற்கு முன்னால் பல மாத உழைப்பு இருந்தது. தன்னார்வலர்கள் நாடு முழுவதும் சுற்றி, சட்டத்துக்குப் புறம்பாகக் கழிவு கொட்டப்பட்ட 10,000-க்கும் மேற்பட்ட இடங்களைக் கைப்பேசியின் உதவியால் வரைபடத்தில் குறித்திருந்தனர். அதிலிருந்து வளர்ந்த உலகத் தூய்மை நாள் 2018-இல் முதன்முறை கடைப்பிடிக்கப்பட்டது. பின்னர் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை செப்டம்பர் 20-ஐ அதற்குரிய நாளாக ஏற்றுக்கொண்டது.

இந்தியாவில் மும்பையின் வெர்சோவா கடற்கரை தன்னார்வத் தூய்மைப் பணிக்குப் புகழ்பெற்ற சான்று. வழக்கறிஞர் அஃப்ரோஸ் ஷா 2015 அக்டோபரில், எண்பது வயதைக் கடந்த அண்டைவீட்டாரோடு இருவராகத் தொடங்கிய வேலை, வார இறுதிதோறும் நூற்றுக்கணக்கானோர் பங்கேற்கும் இயக்கமாகி, 2016-இல் ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டத்தின் விருதை அவருக்குப் பெற்றுத்தந்தது. 2018 மார்ச்சில் அக்கடற்கரையில் பங்குனி ஆமைக் குஞ்சுகள் பொரிந்து கடலுக்குச் சென்றது நாடெங்கும் செய்தியாயிற்று. ஆயினும் மழைக்காலத்தில் ஓடைகளும் கடலும் சேர்ந்து அதே கரையில் மீண்டும் கழிவைக் கொண்டுவந்து சேர்க்கின்றன என்பதும் அவ்வரலாற்றின் பகுதியே. தமிழகத்தில் 1989-இல் வங்கி மேலாளர் எம்.பி. நிர்மல் சென்னையில் தோற்றுவித்த எக்ஸ்னோரா, வேறொரு வழியைக் காட்டியது: தெருக்காரர்கள் தமக்குள் சிறு சங்கமாக இணைந்து, குப்பை பொறுக்கி வாழ்ந்தவர்களையே மூன்று சக்கர வண்டியுடன் ‘தெருவை அழகுபடுத்துபவர்’ என்ற பெயரில் அமர்த்தி, வீட்டுக்கு இவ்வளவு என்று மாதந்தோறும் பணம் திரட்டி ஊதியம் கொடுத்தனர். வீட்டு வாசலில் குப்பை வாங்கும் முறையை நகராட்சிகள் ஏற்பதற்குப் பல்லாண்டு முன்னரே அதைத் தெருக்களில் செய்துகாட்டிய பெருமை இத்தகைய சங்கங்களுக்கு உண்டு. கோயம்புத்தூரில் 2017 முதல் ஞாயிறுதோறும் குளக்கரைகளில் கூடிவரும் கோவை குளங்கள் பாதுகாப்பு அமைப்பினர், ‘திரும்பி வருதல்’ என்ற பண்புக்கு நல்ல எடுத்துக்காட்டு.

ஒரு பூங்காவில் இப்பணியைத் தொடங்குவோர் முதலில் செய்ய வேண்டியது சாக்குகளைத் தேடுவதன்று, அப்பகுதியின் தூய்மைப் பணியாளரிடமும் மேற்பார்வையாளரிடமும் பேசுவது. குப்பை வண்டி எந்த நாளில், எத்தனை மணிக்கு, எந்த வாசலில் நிற்கும் என்பது தெரியாமல் திரட்டப்படும் மூட்டைகள், நாய்களால் கிழிக்கப்பட்டு அன்று மாலைக்குள் பூங்காவுக்கே திரும்பிவிடும். உள்ளாட்சியின் பகுதி அலுவலகத்தில் எழுத்து மூலம் அனுமதி பெறுவது, எடுத்துச்செல்லும் வண்டிக்கு உறுதி பெறவும் உதவுகிறது. கருவிகள் எளியவை: தடித்த கையுறை, நீண்ட இடுக்கி, மூடிய காலணி, வண்ணம் வேறுபட்ட சாக்குகள், கண்ணாடித் துண்டுக்கென ஒரு கெட்டியான வாளி, குறிப்பேடு. ஊசி, உடைந்த கண்ணாடி, பயன்படுத்திய நாப்கின் ஆகியவற்றைக் குழந்தைகள் தொடக்கூடாது. கல்லையும் மட்டையையும் கையால் புரட்டக்கூடாது, ஏனெனில் தேளும் பாம்பும் விரும்பும் நிழல் அது. வெயில் ஏறும் முன் இரண்டு மணி நேரத்தில் முடித்துக்கொள்வது நல்லது. களைத்த கை பிரிப்பதில் தவறு செய்கிறது.

பிரித்தலே இப்பணியின் மையம். 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள், கழிவை உண்டாக்குவோரே அதை மக்கும் குப்பை, மக்காத குப்பை, வீட்டு அபாயக் கழிவு என மூன்றாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்று வகுத்தன. பூங்காவில் கிடைப்பதில் பெரும்பகுதி இரண்டாவது வகை. அதற்குள்ளும் விலையுள்ளது, விலையற்றது என்ற பிரிவு இருக்கிறது. தண்ணீர் பாட்டில், கெட்டி ஞெகிழி, உலோகம், அட்டை ஆகியவற்றைக் காயலான் கடையில் எடைக்கு வாங்கிக்கொள்வர். பாட்டில்கள் துண்டாக்கப்பட்டு உருக்கப்பட்டுப் பாலியெஸ்டர் இழையாகின்றன. சிப்ஸ் உறையோ, ஞெகிழியும் மெல்லிய உலோகப் பூச்சும் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிய ‘பல்லடுக்கு உறை’. அடுக்குகளைப் பிரித்தெடுப்பது கட்டுப்படியாகாததால் அதற்கு வாங்குவோர் இல்லை. தனியே சேர்த்துக் கொடுத்தால் அது சிமென்ட் ஆலைகளின் உலையில் நிலக்கரிக்கு மாற்றாக எரிக்கப்படலாம். இது சிறந்த முடிவன்று, எனினும் திறந்த வெளியில் எரிவதினும் மேலானது. எல்லாவற்றையும் ஒரே சாக்கில் கட்டினால், மிச்சத் தேநீரும் வாழைப்பழத் தோலும் பட்டு, விலைபோகக்கூடிய அட்டையும் பாட்டிலும்கூட விலையிழக்கின்றன.

அவ்வாறு கலந்து கட்டிய மூட்டை எங்கே போகிறது என்பதைச் சென்னையின் வரலாறு சொல்கிறது. நகரின் வடபகுதிக் கழிவு கொடுங்கையூரிலும் தென்பகுதிக் கழிவு பெருங்குடியிலும் பல பத்தாண்டுகளாகக் கொட்டப்பட்டுவந்தன. பெருங்குடிக் கிடங்கு, பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தின் மேலேயே அமைந்தது. மழைநீரைத் தாங்கி, வெள்ளத்தைத் தணித்து, ஆண்டுதோறும் வலசைப் பறவைகளுக்கு இடம் தரும் அச்சதுப்புநிலத்தின் எஞ்சிய பகுதி 2022-இல் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக ராம்சார் பட்டியலில் சேர்க்கப்பட்டது. பழைய குப்பைமேட்டைத் தோண்டிச் சலித்து, மண்ணையும் ஞெகிழியையும் கல்லையும் தனித்தனியே பிரிக்கும் ‘பயோமைனிங்’ என்ற பெருஞ்செலவுப் பணியும் பெருங்குடியில் மேற்கொள்ளப்பட்டது. கலந்து குவித்ததைப் பல்லாண்டுக்குப்பின் இயந்திரம் வைத்துப் பிரிக்கும் அந்த வேலை, முதல் நாளில் இரண்டு சாக்குகளைத் தனியே வைத்திருந்தால் தேவைப்பட்டிராது. தென்சென்னைப் பூங்காவொன்றைப் பிரிக்காமல் கூட்டிச் சுத்தமாக்கிய காலங்களில், அந்தச் சுத்தத்தின் விலையைச் சதுப்புநிலத்தின் நாரைகள் கொடுத்திருக்கின்றன.

எண்ணும் வேலைக்கு வந்தால், எடையை நம்புவது தவறான பாதை. நனைந்த இளநீர் மட்டை ஒன்று ஆயிரம் சிகரெட் துண்டுகளைவிடக் கனமானது; மழை பெய்த மறுநாள் அதே குப்பை இருமடங்கு எடை காட்டும். ஆகவே பொருள்களை எண்ணிக்கையால் குறிப்பதும், பூங்காவைச் சில பகுதிகளாகப் பிரித்து எந்தப் பகுதியில் எது கிடைத்தது என்று எழுதுவதும் பயன் தருகின்றன. எட்டு வாரக் கணக்கு கையில் இருந்தால், தேநீர்க்கடைக்கு எதிரிலுள்ள வாசலருகே குவளைகளும், பின்சுவரோரம் மதுபாட்டிலும், ஊஞ்சலருகே உறைகளும் திரளுவது கண்ணுக்குத் தெரிந்துவிடும். குப்பைத்தொட்டியை அலங்காரமாக நுழைவாயிலில் வைப்பதா, பண்டம் தின்று முடியும் இடத்தில் வைப்பதா என்ற கேள்விக்கு அக்கணக்கே விடை. கடைக்காரரிடம் கோபத்துடன் பேசுவதற்கும், ‘எட்டு வாரத்தில் இத்தனை குவளைகள்’ என்ற தாளைக் காட்டி, கண்ணாடிக் குவளைக்கு மாறும்படியோ வாசலில் கூடை வைக்கும்படியோ கேட்பதற்கும் வேறுபாடு மிகுதி. உறைகளிலுள்ள நிறுவனப் பெயர்களையும் குறித்துவைக்கும் முறை ‘பெயர்க்கணக்கு’ எனத்தக்கது. தாம் சந்தையில் விடும் ஞெகிழிப் பொதிகளைத் திரும்பப் பெறுவதற்கு உற்பத்தியாளரே பொறுப்பு என்ற கொள்கையை இந்திய அரசு 2022-இல் விரிவான நெறிமுறைகளாக வெளியிட்டுள்ள நிலையில், தெருவில் கிடந்த உறைகளின் பெயர்க்கணக்கு வெறும் புள்ளிவிவரமாக நின்றுவிடுவதில்லை.

இவ்வளவும் சொல்லும்போது, இந்நாட்டில் குப்பையைத் தொடுவது எவர்மேல் சுமத்தப்பட்ட வேலையாக இருந்துவந்திருக்கிறது என்பதை மறந்து பேச இயலாது. தூய்மைப் பணியாளரில் மிகப் பெரும்பாலோர் பட்டியல் சாதிகளைச் சேர்ந்தவர்கள். அவ்வேலை அவர்களுக்கு விருப்பத்தால் வாய்த்ததன்று, பிறப்பால் விதிக்கப்பட்டது. கையுறை மாட்டி இரண்டு மணி நேரம் குனிந்து நிமிரும் வழக்கறிஞருக்கும் மென்பொருள் பொறியாளருக்கும் பாராட்டும் படமும் கிடைக்க, அதே பூங்காவை ஆண்டு முழுவதும் கூட்டுபவருக்குக் கையுறைகூட உரிய நேரத்தில் கிடைக்காமல் இருப்பது பெரும் அநீதி. 2025 ஆகஸ்டில், சென்னை மாநகராட்சியின் இரு மண்டலங்களில் தூய்மைப் பணி தனியாரிடம் ஒப்படைக்கப்படுவதை எதிர்த்தும் பணி நிரந்தரம் கோரியும், அதன் தலைமையகமான ரிப்பன் மாளிகை முன் ஏறத்தாழ இரு வாரம் இரவும் பகலும் தங்கிப் போராடிய பணியாளர்கள், தம் உழைப்பின்மேல் நகரம் எவ்வளவு சார்ந்திருக்கிறது என்பதை நினைவூட்டினர். ஆகவே தன்னார்வலரின் உழைப்பு, பணியிடங்களைக் குறைப்பதற்கோ ஊதியத்தை ஒறுப்பதற்கோ சாக்காக ஒருபோதும் பயன்படக்கூடாது. அதே வேளையில், பிறப்பின் பெயரால் ஒரு சாராருக்கு மட்டும் ஒதுக்கப்பட்ட செயலை மற்றவர் பகல் வெளிச்சத்தில், தம் தெருக்காரர் பார்க்க, தம் கையால் செய்வதில் ஆழ்ந்த பொருள் இருக்கிறது. தூய்மைப் பணியாளரைப் பெயர் சொல்லி மரியாதையுடன் அழைக்கவும், அவர் சொல்லும் முறைப்படி சாக்குகளை அடுக்கவும், அவருக்குக் கையுறை வேண்டுமென்று அலுவலகத்தில் மனு எழுதவும் கற்றுக்கொள்ளும் குழுவே அப்பொருளை உணர்ந்த குழு.

எடுப்பதைக் காட்டிலும் விழாமல் தடுப்பது சிறந்தது என்பதற்கு நீலகிரி அண்மையில் சான்றளித்திருக்கிறது. சுற்றுலாப் பயணிகள் காடுகளில் எறிந்த மதுபாட்டில்களின் உடைந்த துண்டுகள் யானைகளின் பாதத்தைக் கிழிப்பதைச் சென்னை உயர் நீதிமன்றம் கவனத்தில் எடுத்துக்கொண்டதன் விளைவாக, 2022-இல் அம்மாவட்டத்து டாஸ்மாக் கடைகளில் பாட்டில் ஒன்றுக்கு 10 ரூபாய் கூடுதலாகப் பெற்று, காலிப் பாட்டிலைத் திரும்பக் கொடுத்தால் அந்தத் தொகையைத் திருப்பித் தரும் முறை தொடங்கப்பட்டது. பாட்டில்கள் பெருமளவில் கடைக்கே திரும்பி வந்ததால் அம்முறை பிற மாவட்டங்களுக்கும் விரிவடைந்தது. அறிவுரைப் பலகைகள் செய்யாததைப் பத்து ரூபாய் செய்தது. 2021 டிசம்பரில் தொடங்கிய ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம், பொருள் வாங்கப் போகும்போது கையில் துணிப்பை இருந்த பழைய வழக்கத்தை நோக்கி மக்களை அழைக்கிறது. பூங்காவின் எட்டு வாரக் கணக்கில் பைகள் குறைந்து உறைகள் குறையாமல் நின்றால், பைகளுக்கான வழி பலிக்கத் தொடங்கியிருக்கிறது, உறைகளுக்கு இன்னும் வழி காணப்படவில்லை என்று படித்துக்கொள்ளலாம்.

தமிழகக் கடலோர மாவட்டங்களில் இக்கணக்குக்கு ஒரு தனிப்பட்ட நாள்காட்டி உண்டு. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குகிறது; அதன் முதல் பெருமழை, மாதக்கணக்கில் சிதறிக் கிடந்த அனைத்தையும் ஒரே இரவில் மழைநீர் வடிகாலுக்கும், அங்கிருந்து, சென்னையாயின், அடையாற்றுக்கும் கூவத்துக்கும், முடிவில் கடலுக்கும் கொண்டுபோய்விடுகிறது. வழியில் அடைத்துக்கொள்ளும் உறைகள் தெருவில் முழங்கால் அளவு நீர் தேங்கவும் காரணமாகின்றன. ஆகவே செப்டம்பரின் கடைசி ஞாயிறுகள் ஆண்டின் மிக இன்றியமையாத ஞாயிறுகள். அவற்றுள் ஒன்றிலேனும் பூங்காவின் தாழ்ந்த மூலையில் வடிகாலின் வாயை மூடியிருக்கும் கம்பிவலையைத் தூய்மைப் பணியாளரின் உதவியோடு கழுவி, அதில் சிக்கியிருப்பவற்றை வகைப்படுத்தி எழுதிக்கொள்ள வேண்டும். முதல் மழை விட்ட காலையில் அதே கம்பிவலையை மறுபடியும் பார்ப்போர், குறிப்பேட்டின் இரு பக்கங்களையும் ஒப்பிட்டு, பூங்காவில் விழுந்தது எவ்வளவு, மேட்டுத் தெருவிலிருந்து நீரோடு வந்து சேர்ந்தது எவ்வளவு என்று பிரித்தறிவர். அடுத்த ஞாயிற்றுக்கிழமை எந்தத் தெருவின் கதவுகளைத் தட்டுவது என்பது அப்போது தெரியவரும்.